நாலெழுத்துப் படித்த பெரியவருக்கு அட்டுவம்பட்டியின் வாழ்த்துமடல்

மாண்புமிகு 32 பிட் முழு எண் ஐயா அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவருக்கும், கோயிலுக்குக் குழல்விளக்கு உபயம் செய்து அந்தக் குழாய் முழுக்கத் தன் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்தவருக்கும் வாழ்த்துமடல் அச்சடித்துக் கண்ணாடி போட்டு மேடையில் வாசித்துக் கொடுப்பது நம் வழக்கம். கம்ப்யூட்டர் ஆட்டங்களின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு உலகத்துப் பெயர்களையெல்லாம் எண்ணாக்கி அருளும் தங்களுக்கு மட்டும் எந்த ஊரும் மடல் வாசித்ததாகத் தெரியவில்லை. கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்திருக்கிறது.

ஆட்டத்தைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றி எழுதுகிறார்களே, பையன்கள் மொழியில் மோட் போடுகிறவர்கள், அவர்களுக்குத் தங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டத்துக்குள் ஒரு வீரனையோ மரத்தையோ மந்திரத்தையோ சேர்த்தால் அதைக் கூப்பிட உள்ளே ஓர் அடையாளம் வேண்டும். மனிதனுக்குப் பெயர்தான் ஞாபகம் இருக்கும். எந்திரத்துக்கு எண்தான் கையோடு வரும். தாங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்துப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னீர்கள்: நான்கு ஆங்கில எழுத்து எழுதிக்கொள், எழுத்துக்கு ஒரு பைட், நான்கு பைட்டையும் ஒட்டிப் படித்தால் 32 பிட்டில் ஒரே எண். அதற்கு மேல் பெயர் வைக்க ஆசைப்படுகிறவன் பேராசைக்காரன்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதன் முதல் நான்கு எழுத்து ஏ, டி, டி, யு. கணினிக் கணக்கில் சிறிய ஏ 97, டி 116, யு 117. முதல் எழுத்தை 256-ஆல் மூன்று முறை பெருக்க வேண்டும், அடுத்ததை இரண்டு முறை, மூன்றாவதை ஒரு முறை. கடைசி எழுத்தை அப்படியே கூட்ட வேண்டும். வருவது 163 கோடியே 50 லட்சத்து 21 ஆயிரத்து 941. எங்கள் ஊருக்கு இத்தனை பெரிய மதிப்பை இதற்குமுன் யாரும் கொடுத்ததில்லை. பஸ் நிறுத்தம் கேட்டபோதுகூட.

தங்கள் பரம்பரை எளியதல்ல. 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் ஒவ்வொரு கோப்பும் என்ன வகை என்பதை நாலெழுத்தில்தான் குறித்துவைத்தது. அடுத்த ஆண்டே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வகுத்த ஐஎஃப்எஃப் என்ற கோப்பு வடிவமும் அதே வழியில் போனது. அந்த முதல் மெக்கின்டோஷின் மொத்த நினைவகம் 128 கிலோபைட். அதற்குள் குடித்தனம் நடத்தியவர்கள் நான்கு பைட்டில் பெயர் வைத்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு நீளப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதைவிட இரண்டு எண்களை ஒரே கட்டளையில் ஒப்பிடுவது வேகம். அன்று அந்த வேகமும் வேண்டியிருந்தது. இன்று மாணவர்கள் தூக்கித் திரியும் மடிக்கணினியில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இடம் கிடக்கிறது. இருந்தும் தாங்கள் சிக்கனத்தைக் கைவிடவில்லை. வசதி வந்தபின்னும் பழைய வேட்டியையே துவைத்துக் கட்டுகிற பெரியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்; அடுத்தவனையும் அதையே கட்டச் சொல்கிற பெரியவர் தாங்கள் ஒருவர்தான்.

2002-இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட வார்கிராஃப்ட் 3 தங்கள் புகழின் உச்சி. அதோடு கூடவே வந்த வேர்ல்ட் எடிட்டர் என்ற கருவியை வைத்துத்தான் ரசிகர்கள் ஆயிரமாயிரம் வரைபடங்களைக் கட்டினார்கள். டோட்டா என்று பின்னாளில் பெரிய பணம் புரண்ட ஆட்டம் அந்தக் கருவியில் முளைத்ததுதான். அதில் சாதாரணக் காலாள் வீரனின் அடையாளம் எச், எஃப், ஓ, ஓ. தங்கள் கணக்கில் 1751543663. எதிரியின் கோட்டை வாசலில் வாளோடு செத்துவிழும் கடைநிலைச் சிப்பாய்க்கு 175 கோடி! எந்த அரசாங்கமும் சிப்பாய்க்கு இவ்வளவு கொடுத்ததில்லை.

மெக்கின்டோஷ் வந்த அதே 1984-இல்தான் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் வளாகம் எங்கள் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் படிக்கும் பெண் ஒருத்தி, விடுதி ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிக் கிடக்கும் ஒரு மாலையில், இந்த மலையையே ஓர் ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை நடமாட வேண்டும், மேல்மலையில் பூண்டு விளைய வேண்டும், மலைச்சாலையில் லாரி ஏற வேண்டும். ஊர்களை ஒவ்வொன்றாக உள்ளே எழுதுகிறாள். தங்கள் ஞானம் அங்கே சுடர்விடும். பூண்டி என்ற ஊரும் அங்கே விளையும் பூண்டும் ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்தில் ஒன்றே: பி, ஓ, ஓ, என். ஆகவே ஊரைக் கிள்ளினால் பூண்டு வரும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மண்ணையும் விளைச்சலையும் பிரிக்கமுடியாது என்பதற்காக. தாங்களோ அதை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே, விண்ணப்பம் இல்லாமல், கட்டணம் இல்லாமல் செய்துவைத்திருக்கிறீர்கள். பெருமாள்மலையும் பெரும்பாறையும் பி, இ, ஆர், யு என்று ஒன்றாகிவிடும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற வளைவுகளையும் வாந்தியையும் ஒரே கையெழுத்தில் ஒழித்த நெடுஞ்சாலைப் பொறியாளர் வேறு யார்?

மோதலைத் தவிர்க்க அவள் இரண்டாவது ஊருக்கு ஏதோ வாயில் நுழையாத நான்கு குறிகளைத் தேட வேண்டும். கருவியே தானாகப் பெயர் சூட்டவும் செய்யும்: எச்-சுக்குப் பின்னால் மூன்று பூஜ்யம், அடுத்தது பூஜ்யம் பூஜ்யம் ஒன்று. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் அவற்றில் எது பூம்பாறை எது மன்னவனூர் என்று தேடித் தேடி அவளுக்கு மலையின் பூகோளமே மனப்பாடமாகிவிடும். கல்விச் சேவை.

எழுத்தின் பெரிது சிறிதையும் தாங்கள் அசட்டை செய்வதில்லை. முதல் எழுத்தைப் பெரிய ஏ-வாகப் போட்டுவிட்டால் எங்கள் ஊர் 1098151029 ஆகிவிடுகிறது. அதாவது ஷிஃப்ட் விசையை ஒருமுறை அழுத்தியதில் 53 கோடியே 68 லட்சத்து 70 ஆயிரத்து 912 தூரம் நகர்ந்துவிடுகிறது. மரியாதைக்கு இவ்வளவு விலை வைத்தவர் வேறில்லை. இன்னும் ஒரு லீலை உண்டு. இன்டெல் வகைக் கணினிகள் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைக்கும். கோப்பில் வரிசையாக எழுதிய நான்கு எழுத்தை அப்படியே எண்ணாக உறிஞ்சினால் தலை வாலாகும். அட்டு என்று எழுதியது 'உட்டா'வாக, 1970566241 ஆக எழுந்து நிற்கும். அமெரிக்காவில் கிட்டத்தட்ட அந்தப் பெயரில் ஒரு மாநிலம் இருப்பதால் எங்கள் ஊருக்கு விசா இல்லாமலே அயல்நாட்டுப் பயணமும் கிடைத்தது.

தமிழுக்குத் தாங்கள் செய்த தொண்டைச் சொல்லாமல் மடல் முடியாது.

அட்டுவம்பட்டி என்பது எட்டெழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிவிடும். யூனிகோடு முறையில் புள்ளியும் கொக்கியும் தனித்தனி ஆட்களாக நிற்பதால் அது பதின்மூன்று. யூடிஎஃப்-8 என்ற வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக முப்பத்தொன்பது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசையில் விரித்திருந்த தாளில் கிறுக்கிப் பார்த்து வகுத்த முறை அது. அதில் 128-க்குக் கீழே உள்ள எழுத்துக்கு ஒரு பைட், 2048-க்குக் கீழே இரண்டு, அதற்கு மேல் 65,536-க்குக் கீழே மூன்று. கிரேக்கமும் அரபும் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இடம்பிடித்தன. தமிழின் எண்கள் 2944-இல் தொடங்குகின்றன. ஆகவே தங்கள் நான்கு பைட் பெட்டியில் தமிழ் எழுத்து ஒன்று உட்காரலாம். பக்கத்தில் அடுத்த எழுத்தின் ஒரு காலை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். 'ட்' என்று எழுத ஆறு பைட் வேண்டும் என்பதால் மெய்யெழுத்துகள் வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, வெட்டித்தான் போடுவோம், முதல் நான்கு பைட்டை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று ஒரு கருவி முடிவெடுத்தால் என்ன ஆகும்? 'அ' என்பதற்கு 224, 174, 133. அடுத்து எந்தத் தமிழ் எழுத்து வந்தாலும் அதன் முதல் பைட் 224. ஆகவே அட்டுவம்பட்டியும், மலையின் இன்னொரு மடிப்பில் இருக்கும் அடுக்கமும், அம்மாவும் அவரைக்காயும் அதிகாரியும் ஒரே எண். சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ கேட்காத இப்படிப்பட்ட சமத்துவபுரத்தைத் தங்களைத் தவிர யாரால் கட்ட முடியும்? எண்ணின் முதல் பிட்டைக் கழித்தல் குறியாகக் கொள்வது தங்கள் குலவழக்கம் என்பதால் விடை மைனஸ் 525433376. தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் இந்தக் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழேதான். ஆங்கிலத்தில் 163 கோடிக்கு அதிபதியான ஊர், தாய்மொழியில் 52 கோடி கடனாளி. எங்களை நாங்களே தெரிந்துகொள்ள உதவிய கண்ணாடி தாங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. விழா மேடையில் கணக்கு பேசக்கூடாதுதான், பொறுத்தருள்க. தமிழின் 247 எழுத்துக்கும் எழுத்துக்கு ஓர் எண் என்று வரிசையாகக் கொடுத்தால் எல்லாம் ஒரே பைட்டுக்குள் அடங்கும். பைட்டில் 256 இடம், ஒன்பது காலி. 247-ஐ நான்கு முறை பெருக்கினால் 372 கோடியே 20 லட்சத்து 98 ஆயிரத்து 81. தங்கள் கொள்ளளவு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது நான்கு முழுத் தமிழ் எழுத்து தங்கள் பெட்டியில் தாராளமாகப் படுத்துப் புரளும். பூண்டியும் பூண்டும் மூன்றாவது எழுத்திலேயே பிரிந்துவிடும். பெருமாள்மலை, பெரும்பாறை என்ற இரண்டும் 'பெருமா', 'பெரும்' என்ற அளவிலேயே விலகிக்கொள்ளும். ஜ, ஷ வரிசைகள் வந்தால் ஒன்பது இடம் போதாது என்பது உண்மை. மேல்மலை ஊர்களை எழுத அவை தேவைப்படவில்லை. எழுத்துக்கு ஓர் எண் என்ற வழியில், 16 பிட் அகலத்தில், டேஸ்-16 என்ற குறிமுறையைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதும் நடந்தது. இதையெல்லாம் ஆட்டக் கருவி செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் ஒருவர் ஆட்டம் செய்ய வருவார் என்று கனவு காண்பது அவர்கள் வேலை அல்லவே. இடம் இருந்தும் இருக்கை இல்லை என்று சொல்லும் கலையில் எங்கள் பஸ் கண்டக்டர்களே தங்களிடம் பாடம் கேட்கலாம்.

தங்கள் இளையவர் ஹேஷ் அவர்களையும் இந்த மேடையில் வாழ்த்தியாக வேண்டும். அண்ணன் நான்கு எழுத்தில் நிறுத்திவிட்டார் என்று குறைபட்டவர்களுக்கு, 'எவ்வளவு நீளப் பெயரும் கொண்டுவா, அரைத்து ஒரே எண்ணாக்கித் தருகிறேன்' என்று கை நீட்டி அழைத்த வள்ளல் அவர். பாப் ஜென்கின்ஸ் 1997-இல் எழுதிக் காட்டிய ஒரு முறையை ஜிடிஏ 5 ஆட்டம் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிறது. ஒவ்வொரு எழுத்தையும் கூட்டு, பத்து பிட் இடப்பக்கம் தள்ளிக் கூட்டு, ஆறு பிட் வலப்பக்கம் தள்ளிக் கலக்கு. பெயர் முடிந்ததும் மூன்று, பதினொன்று, பதினைந்து என்று இன்னும் ஒரு சுற்று. அந்த ஆட்டத்தின் ஆடர் என்ற அதிவேகக் கார் இப்படி அரைபட்டு 3078201489 ஆகிறது. குறியோடு படிக்கிற கருவியில் அதே கார் மைனஸ் 1216765807. ஒரு காருக்கு இரண்டு நம்பர் பலகை மாட்டி ஓட்டினால் எங்கள் செக்போஸ்டில் பிடிப்பார்கள். தங்கள் குடும்பத்தில் அது மரபு.

இளையவரிடம் உள்ள தனிச்சிறப்பு, வாங்கியதைத் திருப்பித் தராமை. எண்ணிலிருந்து பெயரை மீட்கும் வழி கிடையாது. மோட் போடுகிறவர்கள் ஊகித்து ஊகித்து, சொல் சொல்லாக அரைத்துப் பார்த்து, பொருந்திய பெயர்களைப் பட்டியலிட்டு ஆண்டுக்கணக்கில் சேகரித்திருக்கிறார்கள். கணினிப் பதிப்பில் ஆட்டத்தின் உள்கட்டளைகளுக்குரிய எண்கள் புதுப்பிப்புகளின்போது மாறின. பழையதையும் புதியதையும் பொருத்தும் அட்டவணையோடு ஸ்கிரிப்ட் ஹூக் போன்ற கருவிகள் பின்னாலேயே ஓடின. சோம்பேறியாகத் திரிந்திருக்கக்கூடிய எத்தனையோ இளைஞர்களுக்கு நிரந்தர வேலை. சம்பளம் இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

32 பிட்டுக்குள் பெயர்களைக் கொட்டிக்கொண்டே போனால் சுமார் 77,000 பெயர் சேரும்போது, எங்கோ இரண்டு பெயர் ஒரே எண்ணில் மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு முன்பே கொடைக்கானலில் ஒரு விபத்து காத்திருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுடன் ஒரே குறியாகவும், முன்கொம்பு ஒன்று பின்கால் ஒன்று என்று பிரித்தும். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பைட்டுகள் வேறு. எழுத்தை முதலில் ஒருமுகப்படுத்தாமல் அரைக்கிற கருவியில் கொடைக்கானல் இரண்டு ஊராகிவிடும். ஏரி ஒன்றில் இருக்கும், படகு மற்றதில் இருக்கும். ஆங்கில எழுத்து பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே எண் வரட்டும் என்று, அரைக்குமுன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிக்கொள்ளும் கருணை ஜிடிஏ 5 ஆட்டத்துக்கு உண்டு. நமக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. ஆகவே அந்தக் கருணையும் தேவையில்லை.

ஸ்கைரிம் ஆட்டத்தார் 2011-இல் செய்தது இன்னொரு நேர்த்தி. அங்கே ஒவ்வொரு பொருளுக்குமான எண்ணின் முதல் பைட், அதன் மோட் கோப்பு எத்தனையாவதாக ஏற்றப்பட்டது என்பதைச் சொல்லும். வரிசையில் புதிதாக ஒரு கோப்பு முன்னே நுழைந்தால் பின்னால் நின்றவரின் ஒவ்வொரு பொருளுக்கும் எண் 1,67,77,216 ஏறிவிடும். அவர் தன் பெட்டியைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்.

பெயரை எண்ணாக்குவது தங்கள் குடும்பச் சொத்து என்பதைச் சிலர் நம்ப மறுக்கிறார்கள். கடபயாதி என்று ஒரு பழைய முறையைக் காட்டுகிறார்கள். எழுத்துக்கு ஓர் இலக்கம். மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தின் இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் எண் வரும். மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு, திருப்பினால் 65. தீரசங்கராபரணம் 29. ஹனுமதோடி 8. இன்டெல்காரர்கள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே சிறிய இலக்கத்தை முதலில் வைத்தவர்கள்! எண் பொருந்தவேண்டும் என்பதற்காகக் கல்யாணிக்கு முன்னால் மேசவையும் தோடிக்கு முன்னால் ஹனுமவையும் ஒட்டவைத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பெயரைச் சுருக்கவில்லை, நீட்டினார்கள். பாடகர் அன்றும் கல்யாணி என்றே சொன்னார், இன்றும் அப்படியே. இவ்வளவு பழைய பாணியைத் தாங்கள் பின்பற்றவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அஞ்சல் துறையும் போட்டிக்கு வரும். ஸ்ரீராம் பிகாஜி வெலங்கர் வகுத்து 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த பின்கோடு எங்களுக்கு 624101 என்று எண் கொடுத்தது. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தே திண்டுக்கல் பக்கம் என்று தபால் பிரிப்பவருக்குத் தெரிந்துவிடும். கொடைக்கானலும் நாங்களும் அதே எண்ணைப் பங்குபோட்டுக்கொள்கிறோம், மோதல்தான். ஆனால் உறையில் எண்ணுக்கு மேலே ஊர்ப் பெயரையும் எழுதச் சொல்லும் பலவீனம் அந்தத் துறைக்கு உண்டு. அதனால் கடிதம் வந்து சேர்ந்துவிடுகிறது.

தங்கள் ரசிகர்கள் ஒன்று சொல்வார்கள்: எண் உள்ளேதானே இருக்கிறது, திரையில் காட்டும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்களேன், யார் தடுத்தது? மிகச் சரி. ஆடுகிறவருக்குத் தமிழ் காட்டலாம். ஆட்டத்தைச் செய்கிறவள் மட்டும் இரவெல்லாம் எச் பூஜ்யம் பூஜ்யம் ஏழோடு பேசிக்கொண்டிருப்பாள். விருந்தாளிக்குத் தலைவாழை இலை போட்டு, சமைத்தவளை அடுக்களையில் நிறுத்துகிற பண்பாட்டைத் தாங்கள் எங்களிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

ஐயா, பொன்னாடை வாங்கத்தான் நினைத்தோம். தங்கள் அகலம் 32 பிட் என்பதால் மீதித் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். நீடூழி வாழ்க என்று வாழ்த்தவும் கொஞ்சம் தயக்கம்: நொடிகளைக் குறியுள்ள 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளில் தங்கள் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி மைனஸில் விழப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதுவரை நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
−525433376
(அடுக்கம் ஊராரும் இதிலேயே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.)